யாருடைய வீடு?

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள எந்த ஊரிலாயினும் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டி, "இது யாருடைய வீடு?" என்று கேட்டுப் பாருங்கள். விடையாக வருவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயராகவே இருக்கும். கணவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். கிணற்றுக்கட்டும் வேலியும் அவர் கைப்பட எழுந்தவையாக இருக்கும். ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதராகவும் இருப்பார். எனினும் வீடு அவருடையதன்று. மணமுடித்த அன்று உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்தவர் அவர். அவர் பிறந்த வீடு அவருடைய அக்காவுக்கோ தங்கைக்கோ போய்விட்டது.

இவ்வழக்கம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. அயலூராகிய காத்தான்குடியில் முஸ்லிம் மக்களிடையேயும் வீடு மகளுக்கே. யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கும் சீதன வீடு புதிய செய்தியன்று. ஆனால் இங்கே ஊரின் அமைப்பே அதன்மேல் நிற்கிறது. மூத்த மகள் மணமுடித்ததும் தாயும் தகப்பனும் பெரிய வீட்டை அவளிடம் விட்டு, அதே வளவில் சிறு வீடொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு அருகிலே இன்னொரு வீடு எழும். இருபது ஆண்டுகளில் ஒரே வளவிலே தாய், மக்கள், பேத்தியர் என மூன்று நான்கு அடுப்புக்கள் புகையும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஒருத்தியின் கணவன் கைநீட்டினால் மூன்று வீட்டுப் பெண்களும் முற்றத்துக்கு வந்துவிடுவர்.

நாவற்குடாவில் எங்கள் வீடும் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து என் தங்கைக்கும் வந்த வீடுதான். நான் ஆண்பிள்ளை, வேறூரில் மனைவியின் வீட்டிலே வாழ்கின்றவன். ஆதலின் வீட்டைப்பற்றி எழுத இவருக்கு என்ன உரிமை என்று என் தங்கை கேட்கக்கூடும். கேட்கட்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இந்நாட்டின்மீது வந்து, மலைநாட்டிலும் தாழ்நிலங்களிலும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. வீடிழந்தோர் பட்டியல்களும் படிவங்களும் மீண்டும் எழுதப்படலாயின. அப்படிவங்களைக் கண்டதும் எனக்குப் பழைய இரண்டு அழிவுகள் நினைவுக்கு வந்தன. ஒன்று காற்றால் வந்தது. மற்றொன்று கடலால் வந்தது. இரண்டிலும் வீடுகள் விழுந்தன. இரண்டின் பின்னும் வீடுகள் எழுந்தன. ஆயினும் ஒன்றில் எழுந்த வீடு யாருடையதாக இருந்ததோ, மற்றதில் எழுந்த வீடு அவருடையதாக இருக்கவில்லை.

முதலாவது, 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வியாழக்கிழமை இரவு வந்த சூறாவளி. அப்போது எனக்கு வயது ஒன்பது. காற்றின் ஓசையை எழுத்தில் எழுத முடியாது, எழுதியவர்களைப் படித்திருக்கிறேன், அவர்களாலும் முடியவில்லை. கூரை எப்போது போயிற்று என்பதும் எனக்குத் தெரியாது. மேசையின் கீழே அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் இருந்தேன். விடிந்தபின் வெளியே வந்து பார்த்தபோது எதிரே வாவி தெரிந்தது. எங்கள் முற்றத்தில் நின்று அதற்குமுன் ஒருநாளும் நான் வாவியைக் கண்டதில்லை. இடையில் நின்ற தென்னைகள் ஒன்றுகூட இல்லை.

அச்சூறாவளியில் இறந்தோர் தொகை 915 என்று கணக்கெடுத்தனர். சேதமுற்ற வீடுகள் இரண்டரை இலட்சத்தை எட்டின. மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது. இந்தக் கடைசிக் கணக்கை வீட்டுக் கணக்கிலும் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. கிடுகு வேய்ந்த வீட்டுக்குக் கூரை தருவது தென்னை. விழுந்த மரங்களின் ஓலை சில வாரங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. பெண்கள் வாவியோரத்தில் ஓலைகளை ஊறவைத்து இரவும் பகலும் கிடுகு பின்னினார்கள். பின்னர் ஓலை முடிந்தது. நட்ட கன்று ஓலை வெட்டக்கூடிய மரமாக ஆறேழு ஆண்டுகள் வேண்டும்; கிடுகோ ஓரிரு ஆண்டுக்கு மேல் தாங்காது. ஆகவே எங்கள் பகுதியில் கிடுகுக் கூரை போய்த் தகரமும் சீற்றும் ஓடும் வந்ததற்கு நாகரிகம் மாத்திரம் காரணமன்று. தென்னையின் சாவும் காரணம். தகரத்தின்கீழ் நண்பகலில் இருக்க முடியாமல் அம்மம்மா தம் கடைசிக் காலத்தில் மரநிழலிலேயே பாயை விரித்துக்கொண்டார். மரநிழல் என்றால் அப்போது அது ஒற்றை வேம்பின் நிழல்.

அந்நாளில் பிரதமராக இருந்த ஆர். பிரேமதாச அவர்களே வீடமைப்புக்கும் அமைச்சர். ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியிருந்த காலம். 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலே அரசு தன் கொள்கையைப் பெரிதும் மாற்றிக்கொண்டு, தானே கட்டிக் கொடுப்பதைக் குறைத்துச் சிறு கடன்கொடுத்து மக்களையே கட்டிக்கொள்ளச் செய்தது. இக்கொள்கையை உலகத்து வீடமைப்பு அறிஞர்கள் இன்றும் பாராட்டிப் பேசுவர். எங்கள் வீட்டு அளவில் நடந்தது மிகச் சிறிய காரியம். நிவாரணத் தகரங்களுக்கு அப்பா கையெழுத்திட்டார். அவற்றைக் கொண்டுவந்து அம்மாவின் சுவர்களின்மேல் ஏற்றினார். தகரம் வந்தது அப்பாவின் பெயரில். சுவர் நின்றது அம்மாவின் பெயரில். அதனால் ஒரு குறையும் நேரவில்லை. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, அத்திவாரம் அசையவில்லை, அம்மாவின் சீதன உறுதி தகரப் பெட்டிக்குள் ஈரம்பட்டுக் கிடந்தாலும் எழுத்து அழியவில்லை. காற்றுக்குக் காணி உறுதியை மாற்றி எழுதும் வல்லமை இல்லை.

கடல் வந்தபோது நிலைமை வேறாயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை இவ்வூர் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாவலடியையும் டச்பாரையும் கல்லடிக் கரையையும் அறியாதவர் யார்? அதன்பின் அரசு கரையோரத்திலே ஒரு கோட்டைக் கீறியது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் எவரும் மீண்டும் வீடு கட்டலாகாது. கோட்டுக்கு வெளியே வீடிழந்தவர் தம் காணியிலே தாமே கட்டிக்கொள்ள, முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதி அழிவுக்கு 1,00,000 ரூபா எனத் தவணை முறையில் உதவி கிடைத்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தவருக்கோ வேறிடத்தில் அரச காணியும், அதிலே தொண்டு நிறுவனங்கள் கட்டிய வீடும். நாவலடி மக்கள் பலர் வாவிக்கு வடபுறம் திராய்மடுவுக்குச் சென்றது இவ்விதமே. ஓராண்டு முடியுமுன்னரே அக்கோடு தளர்த்தப்பட்டதையும், அதற்குள் பலர் பெயர்ந்துவிட்டதையும் வேதனையோடு சொல்லவேண்டியிருக்கிறது.

கோட்டின் இருபுறமும் கிடைத்த வீடுகளை ஒப்பிட்டுப் பலரும் எழுதியிருக்கின்றனர். தானே கட்டிய வீடு சிறியதாயினும் குடியிருப்பவருக்கு இசைந்தது. பிறர் கட்டிய வீட்டில் குசினிக்குப் புகைபோக்கி இல்லை, மலகூடம் வாசலுக்கு நேரே இருந்தது என்பன போன்ற குறைகள். நானும் ஒரு குடியேற்றத்தில் அப்படிப்பட்ட குசினிகளைக் கண்டேன். எல்லாவற்றிலும் விறகு அடுக்கியிருந்தது. சமையல் பின்புறத்தில் ஓலைக் கொட்டிலில் நடந்தது. இவை உண்மையான குறைகளே. ஆனால் கூரையைக் கழற்றிப் போடலாம், சுவரை இடித்துக் கட்டலாம், கொட்டில் இறக்கலாம். திருத்த முடியாத குறை ஒன்று, அதுவும் படிவத்தின் முதற் பக்கத்திலேயே இருந்தது.

'குடும்பத் தலைவரின் பெயர்' என்று அங்கே ஒரு வரி இருந்தது.

என் சின்னம்மாவின் மகள் எனக்குத் தங்கை முறை. கடற்பக்கத்தில் இருந்த அவளுடைய வீடு அவளுக்குத் தாய் எழுதிக் கொடுத்தது. அலை வீட்டையும் உறுதியையும் சேர்த்தே கொண்டு போயிற்று. முகாமிலே படிவம் நிரப்ப வந்த இளைஞர் மிக்க அன்புடன், "உங்கள் குடும்பத் தலைவர் யார் அக்கா?" என்று கேட்டார். கணவன் உயிரோடு அருகில் நிற்கும்போது எந்தப் பெண் தன் பெயரைச் சொல்வாள்? கணவன் பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான். ஈராண்டு கழித்துக் காணி அனுமதிப்பத்திரமும் வீட்டுத் திறப்பும் அவன் பெயரிலே வந்தன. ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒருவரும் இலஞ்சம் வாங்கவில்லை, அதிகாரி நல்லவர், கணவனும் அப்போது நல்லவன். இத்தனை நல்லவர்கள் கூடி, ஐந்து நிமிடத்தில், மூன்று தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த ஒன்றைத் திசைமாற்றி விட்டார்கள்.

2012இல் அவன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குச் சென்றான். சில ஆண்டுகள் பணம் வந்தது. பின்னர் கடிதம் வந்தது. பின்னர் ஒன்றும் வரவில்லை. அவளுடைய மகளுக்கு இன்று இருபத்தைந்து வயது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நம்மூர் எவரும் கேட்பதுதான்: வீடு எழுதிக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுக்க அவளுக்குக் கை இருக்கிறது, உரிமை இல்லை. பத்திரத்துக்குரியவரின் கையெழுத்து வேண்டும், பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தான் கூட்டிப் பெருக்கும் வீட்டிலே அவள் விருந்தாளியாக இருக்கிறாள்.

இந்நாட்டுச் சட்டத்தின் வரலாற்றை நோக்கினால் இது வியப்பன்று. தாய்வழி உரிமையை ஏற்ற முக்குவச் சட்டம் என்றொன்று மட்டக்களப்பிலே வழங்கியது. அதைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதே 1876இல் வந்த விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவச் சட்டத்தின் ஆட்சி முடிந்தது. தொகுப்பு வெளிவந்த ஆண்டிலேயே சட்டம் இறந்தது! ஆயினும் மக்கள் அஞ்சவில்லை. சட்டம் தராவிட்டால் என்ன, நொத்தாரிசிடம் சென்று நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தால் போயிற்று என்று வழக்கத்தைக் காத்துக்கொண்டனர். தனியார் காணியில் அதற்குத் தடையில்லை. அரச காணியிலோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கே நின்றது. ஒரு பத்திரத்துக்கு ஓர் உரிமையாளர்; பின்னுரிமை சொல்லாமல் இறந்தால் பிள்ளைகளுள் ஆணுக்கு முதலிடம். அந்த வரிசையிலிருந்த ஆண் பெண் வேற்றுமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே நீங்கியது. சுனாமி வீடுகளின் பத்திரங்கள் எழுதப்பட்ட காலத்தில் பழைய வரிசையே நடைமுறையிலிருந்தது.

அறியாமல் நடந்தது என்று சொல்வோரும் உளர். அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதே என் வருத்தம். மட்டக்களப்புச் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் முதலிய பெண்கள் அமைப்புக்கள் இதைக் குறித்து அக்காலத்திலேயே குரல் எழுப்பின. அக்கரைப்பற்றிலே நெடுநாள் ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே சுனாமிக்குப்பின் சீதன வீட்டுக்கு நேர்ந்ததைப்பற்றி எழுதியிருக்கிறார். கடல் கடந்து வந்த ஒருவருக்குத் தெரிந்தது, கொழும்பிலே படிவம் அச்சிட்டோருக்குத் தெரியாமற் போயிற்று.

வழி என்ன என்று கேட்டால், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. தமிழ்நாட்டிலே சுனாமி வீடுகளுக்கு 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாத அரசாணை அவ்வாறே விதித்தது. மனைவி பெயரும் கணவன் பெயரும் சேர்ந்தே பதிவாகவேண்டும் என்றது. அங்கே அது பெரிய முன்னேற்றம். நாகப்பட்டினத்து மீனவப் பெண் ஒருத்திக்கு, இல்லாதிருந்த பாதி வந்தது. ஆனால் அதே விதியை அப்படியே எடுத்து மட்டக்களப்பிலே வைத்தால் நடப்பது என்ன? முழுவதும் வைத்திருந்தவளுக்குப் பாதி போயிற்று! ஒரே விதி; அக்கரையில் கொடை, இக்கரையில் இழப்பு. நம் பெண்கள் அமைப்புக்கள் கூட்டுரிமை கேட்டது, முழுவதும் போகாமல் பாதியாவது மிஞ்சட்டும் என்ற நிலையிலேதான். அதை நாம் பெருந்தன்மையோடு வழங்கும் வரமாக எண்ணிக்கொள்வது தகாது.

செல்வம் மிகுந்த நாடுகளில் இத்தகைய பிழை நேராது என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் நகரைப் பார்க்கவேண்டும். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் திகதி 'கற்றீனா' சூறாவளி அந்நகரை மூழ்கடித்தது. வீடுகளை மீளக் கட்டுவதற்கு லூசியானா மாநிலம் தொடங்கிய திட்டத்துக்கு 'வீட்டுக்கு வழி' என்று பொருள்படும் அழகான பெயர். ஒரு வீட்டுக்கு 1,50,000 டொலர் வரை உதவி. ஆனால் வீட்டின் பழைய விலை, திரும்பக் கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு. கறுப்பின மக்கள் வாழும் தெருவில் வீட்டின் விலை எப்போதும் குறைவு. சீமெந்தின் விலையோ எல்லாத் தெருவிலும் ஒன்று. ஆகவே ஒரே அளவான வீட்டுக்கு ஒரு தெருவில் முழு உதவியும் மறு தெருவில் அரைகுறையும் கிடைத்தன. 2008இல் வழக்குத் தொடுத்தனர். 2011இல் 62 மில்லியன் டொலர் மேலும் தர உடன்பாடு வந்தது. அதுமட்டுமன்று. பாட்டன் வீட்டிலே பேரன் குடியிருக்க, இடையில் எவரும் உறுதி எழுதாமல் விட்ட குடும்பங்கள் அங்கே மிகப் பல. உரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டபோது காட்ட ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அவர்களுடைய வீடு அவர்களுடையது என்பதை முழுத் தெருவும் அறியும், திட்டம் அறியாது.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர், "சீதனத்தை ஆதரித்தா எழுதுகிறீர்கள்?" என்று கேட்பார் என எனக்குத் தெரியும். கேள்வி நியாயமானது. மூன்று பெண்களைப் பெற்ற கூலித் தொழிலாளி மூன்று வீடு கட்டவேண்டிய கொடுமையை நான் அறிவேன். தங்கைமாருக்கு வீடு கட்டி முடித்துத் தனக்கு மணம் செய்ய நாற்பது வயதான அண்ணன்மார் எங்கள் ஊரில் உண்டு. வீடில்லை என்பதற்காகத் தேடி வந்த சம்பந்தம் திரும்பிப் போனதும் உண்டு. இவற்றைப் புகழ ஒன்றுமில்லை. ஆயினும் சீதனம் கேட்பதை ஒழிப்பது வேறு; பெண்ணின் கையிலிருக்கும் வீட்டைப் பறிப்பது வேறு. சுனாமிக்குப்பின் நடந்தது இரண்டாவது மட்டுமே. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நிற்கவில்லை. கொடுக்கும் உரிமைதான் தாயிடம் இல்லாமற் போயிற்று.

இனியொரு கேள்வி. பிணங்களை எடுத்து முடியாத நேரத்தில் ஒவ்வொரு ஊரின் வழக்கத்தையும் ஆராய யாருக்கு நேரம் என்பர். உணவுப் பொதி கொடுக்கும்போது வழக்கம் பார்க்க வேண்டாம். கூடாரம் கொடுக்கும்போதும் வேண்டாம். ஆனால் காணிப் பத்திரம் எழுதப்பட்டது அலை வந்த மறுநாளன்று. ஓராண்டு, ஈராண்டு கழித்து. அத்தனை காலத்தில் படிவத்திலே ஒரு வரியைச் சேர்க்கலாம். 'குடும்பத் தலைவர் யார்' என்பதற்குப் பதிலாக, 'அழிந்த வீடு யாருடையதாக இருந்தது, அவருக்கு அதை யார் கொடுத்தார்' என்று கேட்கலாம். உறுதி போய்விட்டதென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி இருக்கும். அதுவும் இல்லையென்றால் அயலில் உயிரோடிருக்கும் ஒரு கிழவியைக் கேட்டால் மூன்று தலைமுறைக்கு ஒப்புவிப்பார். கிராம உத்தியோகத்தர்களிலே பலர் இவ்வூர்ப் பிள்ளைகள். அவர்களும் மனைவியின் வீட்டில் வாழ்கின்றவர்களே. அவர்களுக்கு இது தெரியாத செய்தியா?

வீட்டுத் திட்டங்கள் மேலும் வந்துகொண்டே இருக்கும். போருக்குப்பின் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவியது; அவற்றுட் பெரும்பாலானவை வடக்கு கிழக்கிலே பயனாளியே கட்டிக்கொள்ளும் முறையில் எழுந்தன. 2016இல் இரும்புத் தகட்டினாலான 65,000 வீடுகளைக் கொண்டுவந்து இறக்கும் பேச்சு எழுந்தபோது, எங்கள் வெயிலுக்கு இது பொருந்தாது என்று மக்கள் மறுத்தார்கள், அப்பேச்சு அடங்கியது. கூரையைப்பற்றிப் பேச நாம் கற்றுக்கொண்டோம் என்பதற்கு அது சான்று. பெயரைப்பற்றி இன்னும் அவ்வளவு உரக்கப் பேசவில்லை. டித்வாவுக்குப்பின் மலைநாட்டிலே எழுதப்படும் பட்டியல்களில் தோட்ட லயங்களில் வாழ்ந்தோரின் பெயர்களும் இருக்கின்றன. அவர்களுக்குப் பழைய உறுதி என்றே ஒன்று இருந்ததில்லை. அங்கே யார் பெயரில் எழுதுவது என்பதை அங்குள்ள பெண்களிடம் கேட்டே எழுதவேண்டும். மட்டக்களப்பின் வழக்கத்தைக் கொண்டுபோய் அங்கே திணிப்பதும் அதே பிழையாகும்.

ஏற்கெனவே கொடுக்கப்பட்ட பத்திரங்களை என்ன செய்வது? பத்திரதாரரைத் தேடிக் காண முடியாதவிடத்து, வீட்டிலே தொடர்ந்து வாழும் மனைவி உரிமை கோருவதற்கு ஓர் எளிய விசாரணை முறை வேண்டும். பிரதேச செயலகத்திலேயே அது முடியவேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க அவளிடம் பணம் இல்லை. பழைய வீடு அவளுடையது என்பதற்குக் காணிப் பதிவகத்தின் பிரதியைச் சான்றாக ஏற்கவேண்டும். இதை நான் ஓர் அலுவலகத்தில் சொன்னபோது, ஆலோசனை நன்று, எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

என் தங்கை முறையானவள் இப்போது கிழமைக்கொரு முறை வருகிறாள். கணவன் கடைசியாக இருந்த முகவரிக்கு, மகளின் பெயருக்கு வீட்டை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்பும்படி நான் கடிதம் எழுதவேண்டும். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கோபமாக ஒரு வார்த்தை வந்தால், "அது வேண்டாம் அண்ணா, வெட்டிவிடுங்கோ" என்பாள். மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. சென்ற மாதம் நாலாவதை எழுதிக் கொடுத்தேன்.